பன்னிரண்டு பேருக்கு ஒரு சிம்

ஜூலை 8, செவ்வாய்

பூச்சிமருந்து கம்பெனி அப்பாவை வியட்நாமுக்கு அனுப்புகிறது. இந்த வட்டாரத்தில் அதிகம் மருந்து விற்ற பன்னிரண்டு கடைக்காரர்களுக்குப் பரிசு. ஐந்து இரவு. மனைவிமாருக்கு இடமில்லை, அவர்களுக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா செட். அம்மா அதை அட்டைப்பெட்டியோடு அலமாரியின் மேல் தூக்கி வைத்துவிட்டாள்.

மாலையில் நவநீதன் மாமா வந்தார். உறவு ஒன்றுமில்லை, பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார், அதனால் மாமா. அந்தப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். போன வருடம் துபாய்க்குப் போனவர். அங்கே நெட்டை அணைக்காமல் மூன்று நாள் சுற்றிவிட்டு, ஊர் திரும்பியதும் பதினோராயிரம் ரூபாய் பில் வாங்கியவர். அந்தத் தகுதியில் இப்போது எல்லோருக்கும் ஆலோசகர்.

"ரோமிங் பேக்கெல்லாம் ஏமாத்து வேலைங்க வெங்கடாசலம். பேசாம நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஓட்டல் வைஃபைல ஓட்டிடணும்."

"நடுவுல வழி தவறிட்டா என்னங்க பண்றது?" என்றார் அப்பா.

"ஓட்டலுக்குப் போயி மேப்புல பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே தலையாட்டிக்கொண்டார். மகள் கல்யாணத்தில் இரண்டு ட்ரோன் பறக்கவிட்ட மனிதர். ஐந்து நாள் இன்டர்நெட்டுக்கு மட்டும் கை நடுங்குகிறது.

ஜூலை 10, வியாழன்

நான் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் யாராவது ஒருவர் படிக்க வேண்டுமே.

இங்கிருந்தே போட்டுக்கொண்டு போகும் வெளிநாட்டுப் பேக், விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம், ஊருக்குள் போய்க் கடையில் வாங்கும் சிம். கடைசி வகையில் பாதிக்கும் குறைவாக ஆகிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாட்ஸப்பில் படங்கள் தானாக இறங்கக் கூடாது. பேக்கப், அப்டேட் எல்லாம் வைஃபையில் மட்டும். போகிற ஊர்களின் வரைபடத்தை இங்கேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர் சிம்மைக் கழற்றிவிட வேண்டும்.

கடைசி விதிக்குக் காரணம் மிஸ்டு கால். அப்பாவின் வாடிக்கையாளர்கள் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அவர் திருப்பிக் கூப்பிட வேண்டும். எவ்வளவு பேசினாலும் ஒரே காசு என்று ஆகி எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்னும் அதே வழக்கம்தான், என்னவோ தந்தி காலத்தில் இருப்பது போல. அப்பாவுக்குச் சோற்றில் கை இருந்தாலும் திருப்பிக் கூப்பிட்டாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து சித்தேரி விவசாயி மாதுவிடம் நாலு நிமிஷம் பேசினால், டேட்டாவில் மிச்சம் பிடித்தது மொத்தமும் அதிலேயே போய்விடும். சிம் உள்ளே இருந்தால் அவர் கை சும்மா இருக்காது.

"கழட்டிடறேன் பாப்பா," என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

ஜூலை 12, சனி

பெங்களூருக்கு வேன் கிளம்பியது. பன்னிரண்டு பேரும் ஒரே நீல டீ-ஷர்ட், முதுகில் கம்பெனியின் பெயர். நடமாடும் விளம்பரப் பலகைகள்.

அப்பா ஏறும்போது, "ஹைதராபாத் லிஸ்ட் எப்ப?" என்று கேட்டார். நினைவு வைத்திருக்கிறார். மொழியியல் எம்.ஏ.வுக்கு இரண்டாவது முறையாக விண்ணப்பித்திருக்கிறேன். இந்த முறையும் கிடைக்காவிட்டால் மேற்கொண்டு பேச்சில்லை, ஜாதகத்தை வெளியே எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. முடிவாகியிருக்கிறதாம்! யார் முடிவு செய்தார்கள்? கிடைத்தால் அனுப்புவதாக அப்பா ஒரு முறை சொன்னார். அந்த ஒரு முறையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா வாட்ஸப்பில் பேசினார். நான் கொடுத்த தாளை நவநீதன் மாமா வாங்கிப் படித்துத் திருத்தியிருக்கிறார். அந்த ஊர்க் கடை சிம் மலிவு என்பது சரி, ஆனால் ஆளுக்கு ஒன்று எதற்கு? பன்னிரண்டு பேருக்கு ஒரு சிம். அது அவருடைய போனில். மற்ற பதினொரு பேரும் அவருடைய ஹாட்ஸ்பாட்டில்.

"அவுரு முன்னால போறாரு பாப்பா, நாங்க பின்னாலயே போறோம். பத்தடி தள்ளுனா நெட்டு போயிடுது."

அவர் கழிப்பறைக்குப் போனால் பதினொரு பேரும் வாசலில் நிற்கிறார்களாம். வியட்நாமில் நவநீதன் மாமாவின் முதுகைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டு வரப்போகிறார்கள்.

கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அம்மா மதியம் முழுக்கக் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து யாருடனோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் எழுந்து துணியை உதறினாள். காய்ந்த துணி. கல்யாணத் தரகராகத்தான் இருக்கும். லிஸ்ட் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

சித்தேரியிலிருந்து மாது முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார். குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி.

"வேப்பெண்ணெ மட்டும் குடு பாப்பா. மொதல்ல தண்ணிய நல்லா பீச்சி அடிச்சிட்டு, ரெண்டு நாள் கழிச்சி வேப்பெண்ணெ அடிச்சாப் போதும்னு சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"போன்லதான். நேத்து நம்ம கடை நம்பர்லதான் கேட்டேன்."

"அப்பா ஊர்லயே இல்லைங்க. நம்பரும் வேலை செய்யாது."

"அது தெரியுமே," என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்கவில்லை. போன மாதம் பேசியதை நேற்று என்று நினைத்துக்கொண்டிருப்பார். பில்லை எழுதி அனுப்பினேன்.

இரவு ஓட்டல் வைஃபையிலிருந்து அப்பாவின் செய்தி. ஐந்து நாள் பேக் இரண்டே நாளில் காலி. கூட்டத்தில் சென்னப்பன் என்று ஒருவர், அவருடைய போன் மூன்று வருடத்துப் படங்களை ஹாட்ஸ்பாட் வழியாகவே மேலே ஏற்றிவிட்டது. பேரன் மொட்டையடித்த வீடியோ உட்பட. இன்னொரு சிம் வாங்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எதுக்குங்க குடுக்கணும், அவுருதான் காலி பண்ணுனாரு" என்று பதினொரு பேரும் ஒரே குரல். நாளைக் காலை ஆற்றுக்குள் படகில் போகிறார்கள், தங்கலும் படகிலேயே. புதன்கிழமை சாயங்காலம்தான் ஓட்டல்.

ஆளுக்கு இருபது ரூபாய் போட்டிருந்தால் போதும். இருபது ரூபாய்!

ஜூலை 15, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது.

காத்திருப்போர் பட்டியலில் இல்லை, நேரடியாக. மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தில் பார்த்தேன். என் பெயர், என் விண்ணப்ப எண். நாளை மாலை ஐந்துக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். உறுதி செய்ய ஒரு பொத்தான். அழுத்தினால் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும்.

அழுத்தினேன். என் போனுக்கு எதுவும் வரவில்லை.

பிறகுதான் பார்த்தேன். பதிவு செய்த எண் என்ற இடத்தில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டுகிறது. 47. என்னுடையது 47 இல்லை.

மார்ச் மாதம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து நெட் சென்டரில் அப்பா கூட நின்றார். "பொட்டப்புள்ள நம்பர எதுக்கு ஊரெல்லாம் குடுக்கற? என் நம்பரப் போடு." பத்தாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். என் மதிப்பெண், என் நுழைவுத்தேர்வு, என் ஆதார் எல்லாம் அப்பாவின் சட்டைப்பையில்தான் மணி அடிக்கும். சண்டை போட்டு அலுத்துப்போய், அன்றைக்கு நானே அந்த எண்ணைத் தட்டினேன்.

அந்த சிம்மைத்தான் கழற்றச் சொன்னேன். எழுதிக் கொடுத்துக் கழற்றச் சொன்னேன்.

அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்: சிம்மைப் போடுங்க, உடனே. ஒற்றை டிக். நவநீதன் மாமாவுக்கும் ஒற்றை டிக். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு போன், எல்லாம் ஆற்றுக்கு நடுவில் உயிரில்லாத செங்கல்.

ஜூலை 16, புதன்

காலை 9. உதவி எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். எண்ணை மாற்ற முடியுமாம். கடிதம், அடையாள அட்டை, இரண்டு வேலை நாள். "அதற்குள் கடைசி நேரம் முடிஞ்சிடுமே மேடம்" என்றேன். "ஆமாம்" என்றாள். அவ்வளவுதான்.

10.15. ஒருவேளை சிம்மைப் போட்டிருப்பாரோ என்று மறுபடி அழுத்தினேன். ஓடிபி போனாலும் எனக்கு எப்படித் தெரியும், அவர் பார்த்துச் சொன்னால்தானே. ஒற்றை டிக்.

12. மூன்றாவது. சேர்ந்தாற்போல் நான்காவது. மொத்தம் ஐந்து முறைதான் அனுப்புவார்கள் என்று இப்போது சிவப்பில் காட்டுகிறது. இதை முதலிலேயே காட்டினால் என்ன கேடு இவனுங்களுக்கு?

2.30. அம்மாவிடம் சொல்லலாமா? சொல்லி? ஜாதகத்தை ஒரு நாள் முன்னதாகவே எடுப்பாள். உள்ளே மொச்சை உரித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

இரவு. எல்லாம் முடிந்தபின் எழுதுகிறேன்.

மூன்று ஐம்பதுக்கு அப்பாவிடமிருந்து அழைப்பு. ஓட்டல் வந்துவிட்டார்கள்.

"சிம்மப் போடுங்கப்பா. மொதல்ல சிம்மப் போடுங்க. ஓடிபி வரணும், ஹைதராபாத்துல சீட்டுக் கெடச்சிருக்கு!"

"எந்த சிம்மு பாப்பா?"

"உங்க சிம்மு! கழட்டி வெச்சீங்களே!"

"அத நான் எடுத்துக்கிட்டே வரலயே. உங்கம்மாகிட்டதான இருக்குது. பட்டன் போன்ல போட்டுக் குடுத்துட்டு வந்தேன். மாது கீது மிஸ்டு கால் குடுத்தா யாரு பேசறது? உங்கிட்ட சொன்னா நீ பிச்சிப் பிடுங்குவ."

உள்ளே ஓடினேன். "அம்மா, போன் எங்க?"

"எந்தப் போனு?" மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா சொல்லிட்டாரும்மா."

அலமாரி மேலிருந்து டப்பா செட்டை இறக்கினாள். நடு டப்பாவுக்குள் பட்டன் போன். கையில் எடுத்துக்கொண்டு, என்னிடம் கொடுக்காமல் சொன்னாள்: "எவனோ திருட்டுப்பய ஓடிபியா அனுப்பிட்டு இருக்கான்டி. நேத்து ஒண்ணு, இன்னிக்கு மூணு. ஓடிபி வந்தா யாருக்கும் சொல்லாத, அழிச்சிடுன்னு உங்கப்பா சொல்லிட்டுப் போனாரு. ஒண்ணு விடாம அழிச்சிட்டேன்." முகத்தில் அவ்வளவு பெருமை.

"அந்தத் திருட்டுப்பய நான்தாம்மா."

விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆனது. பாதி அழுதுகொண்டு, பாதி கத்திக்கொண்டு சொன்னேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாவது முறை, கடைசி முறை, அழுத்தினேன். பட்டன் போன் அதிர்ந்தது. அப்போதும் என் கையில் தரவில்லை. தூரமாகப் பிடித்துக்கொண்டு அவளே ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நான் தட்டினேன். 4.22. உறுதி செய்யப்பட்டது.

"ஆடி பொறக்கறதுக்கு ஒரு நாள் முந்தியே ஆயிடுச்சு," என்றாள். பிறகு, "நேத்து இங்கிலீஷ்ல ஒண்ணு வந்துச்சு. அதுல உம் பேரு இருந்துச்சு. அத மட்டும் அழிக்கல. உங்கப்பா வந்ததும் காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

காட்டினாள். இடம் கிடைத்த செய்தி. நான் இணையதளத்தில் பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்தது.

ஆக, துவைக்கிற கல்லின் மேல் பேசிக்கொண்டிருந்தது தரகரோடு இல்லை, மாதுவோடு. வேப்பெண்ணெய் சொன்னதும் அவள்தான். இருபது வருடமாக இந்தக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் உலகத்து ரோமிங் கட்டணம் எல்லாம் படித்தேன். அந்த எண்ணுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அடித்திருந்தால் அலமாரி மேல் மணி கேட்டிருக்கும்.

நவநீதன் மாமாவைக் கேலி செய்து எழுதியதை அழிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு பேரோடு பதிமூன்றாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

அப்பா வந்துவிட்டார். வியட்நாமில் எடுத்த நூற்றுப்பத்துப் படத்தில் தொண்ணூறு நெல் வயல், எட்டு பூச்சிமருந்துக் கடை. மிச்சமெல்லாம் நவநீதன் மாமா.

"ஹைதராபாத்னா ரோமிங் வருமா?" என்று கேட்டார். அனுப்புகிறார் என்று அர்த்தம்.

"இந்தியாவுக்குள்ள ரோமிங் இல்லப்பா."

சாப்பிட்டு முடித்து சிம்மைக் கேட்டார். அம்மா கை கழுவிக்கொண்டே, "அந்த நம்பருக்குத்தான் எல்லாரும் கூப்புடறாங்க. நீங்க வேற ஒண்ணு வாங்கிக்கங்க," என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஜூலை 19, சனி

அப்பா புது சிம் வாங்கினார்.

ஆகஸ்ட் 11, திங்கள். ஹைதராபாத்

விடுதிப் படிவம். கைபேசி எண் என்ற கட்டத்தில் என்னுடையதை எழுதினேன். என் எண் ஒரு படிவத்தில் ஏறுவது இதுவே முதல் தடவை. அவசரத் தொடர்புக்கு 47-இல் முடிவது. உறவு: தாய்.

ஆறு மணிக்கு அதே எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். ஒரே மணி, அதோடு கட். வரம்பில்லாமல் பேசுகிற பேக் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். காசு கிடையாது, நீயே கூப்பிடலாம் என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன்.