டீச்சர் சொன்ன பருவம்

மே 27, 1968. திங்கள்

கத்திரி வெயில். உப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை எடுத்தேன். இன்று கண்ணில் பட்டது: படத்தில் உள்ள பெண்கள் எல்லாருக்கும் முழங்கால் வரை சாக்ஸ். யாருக்கும் தாவணி இல்லை. என் வயதுதான்.

துரைசாணிகள் காலத்துப் புத்தகம். ஹாஸ்டல் பள்ளிக்கூடக் கதை. ஆறு பாகம், பாகத்துக்கு ஒரு வகுப்பு ஏறுவார்கள். தையல் டீச்சர் பீரியடில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். போன தை மாதம் பெரியவளானேன். எட்டாம் வகுப்போடு சரி. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று டீச்சர் கையில் கொடுத்தது இது, மூன்றாம் பாகம்.

மே 29. புதன்

துணி துவைத்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். அவளும் பெரியவளானவள்தான். அவர்கள் வீட்டில் நிறுத்தவில்லை.

ரொம்ப நாள் சந்தேகம், கேட்டுவிட்டேன். ‘புதுப் பருவம் வந்தது, பெண்கள் பெட்டியோடு பள்ளிக்கூடம் போனார்கள்’ என்று டீச்சர் சொல்வாரே, அந்த ஊரில் பருவத்துக்கு வந்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்களா?

சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். “அடிப் பைத்தியமே, அது டெர்ம்மு. காலாண்டு, அரையாண்டு இல்ல? அத்தத்தான் டீச்சரு பருவம்னாங்க. நீ இன்னா நெனச்சிக்கினு இருந்த?”

நானும் சிரித்தேன். அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 2. ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். சர்ச்சில் ஆராதனை முடிந்து டீச்சர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனாவுக்கு எண்ணூரில் கம்பெனி வேலை, ஞாயிறுதான் இருப்பார். நான் கதவுக்குப் பின்னால்.

“நல்லாப் படிக்கிற பொண்ணு. நாளைக்கு அனுப்புங்க. நானே கூட்டிப்போய்க் கொண்டாந்து விடுறேன்.”

“தப்பா நெனக்காதீங்க டீச்சரம்மா. வயசுக்கு வந்த பொண்ணு. ரயில் கேட்டாண்ட ஆளுங்க நின்னுக்கினு இருக்கானுங்க. எங்க ஜனம் இன்னா பேசும்?”

“ஸ்டெல்லா வராளே.”

“அவங்க நைனா வேற, நான் வேற.”

டீச்சர் பையிலிருந்து நான்காம் பாகத்தை எடுத்தார். நைனா பார்த்தார். “புக்கு வேணும்னா குடுங்க. ஊட்லயே குந்திக்கினு படிக்கட்டும். அத்த நான் வாணான்னு சொல்லல.” குரல் இறங்கியிருந்தது. எனக்காகத்தான் சொன்னார்.

டீச்சர் கதவோரம் வந்து நீட்டினார். வாங்கினேன். அட்டையில் அதே பெண்கள், ஒரு வகுப்பு பெரியவர்களாக.

புத்தகத்தை அவருடைய பையிலேயே திரும்ப வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன்.