சுவிட்சுக்குள் குங்குமம்

தம்பி,

துண்டைப் பிரித்ததும் உன் வாடை அடித்தது. சால்டரிங் செய்யும்போது எழும் பிசின் புகையும் கொஞ்சம் பீடியும். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் வீட்டுக்காரி அந்தத் துண்டைத் துவைக்காமலே வைத்திருந்திருக்கிறாள்.

ஜீவனஹள்ளி வீட்டைக் காலி செய்துகொண்டு அவள் சந்தாபுராவுக்கு, தன் அண்ணன் வீட்டுப் பக்கம் போகிறாள். நான் இருக்கும் ஒக்கலிபுரம் அவளுக்குச் சுற்றுவழி. இருந்தும் வந்து, வாசலில் ஆட்டோவை நிறுத்தி, இறங்காமலே, "மாமா, இது உங்களுது" என்று துண்டோடு நீட்டினாள். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நேரமாகிறது என்றாள். உள்ளே அந்த ஒயர்லெஸ் மைக் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் நான் உன் பைக்குள் வீசினேனே, அதே மைக்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருந்தது. போன வருஷம் உன் சாவால் நமக்குப் பண்டிகை இல்லை. இந்த வருஷம்தான் மறுபடியும் சாமான்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து இது வந்து சேர்ந்தது.

நம்முடைய சவுண்ட் சர்வீஸில் அதுதான் முதல் ஒயர்லெஸ். யாரோ பழசென்று தள்ளியதை வாங்கினோம். மேடையில் யார் காலிலும் ஒயர் சிக்காது என்பதே நமக்குப் பெரிய பெருமை. மைக்கின் குரலை வாங்கும் ரிசீவர் பெட்டி என் பொறுப்பு, மைக் உன் பொறுப்பு. ஆள் பிடிப்பது, பேசி முடிப்பது, ஸ்பீக்கர் தூக்குவது எல்லாம் நான். ரிப்பேர் முழுக்க நீ. சால்டரிங் அயர்ன் என் கைக்கு ஒத்துவராது என்று நீ கிண்டல் செய்வாய், நானும் ஒத்துக்கொள்வேன். அண்ணன் என்கிற கெத்தில் இருந்த நான் உன்னிடம் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும், "முதல்ல செல்லக் கழட்டு, அப்புறம் கதை பேசு" என்பாய். பேட்டரி செல் உள்ளேயே கிடந்தால் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும் என்று பயம் உனக்கு. எதைத் திறந்து மூடினாலும் மேலே நீல டேப் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் முனையை மட்டும் உள்பக்கமாக மடித்து ஒட்டுவாய். அடுத்து திறக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கக் கூடாதாம். அடுத்து திறக்கிறவனும் நீதான், இதற்கு இத்தனை மரியாதையா என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

அந்தக் கல்யாணம் நடந்த வருஷ ஆயுத பூஜையில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஸ்டாண்டு என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். பன்னீர் அதிகமாகி சந்தனம் தண்ணியாக இருந்தது. மைக்கை எடுத்ததும் நீ தடுத்தாய். "பெட்டிக்கு வைண்ணா, மைக்குக்கு வேணாம். அது என்ன கல்யாணப் பொண்ணா?" என்று சிரித்தாய். சோறு போடும் சாமானைப் பொட்டில்லாமல் விடுவதா என்று எனக்குக் கோபம். நீ பொரி வாங்கப் போனதும் மைக்கில் மூன்று இடத்தில் அப்பினேன். ஒன்று சுவிட்சு மேலேயே. வழிந்ததை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து உன் மாமனார் வீட்டு வழியில் கல்யாணம். உன் வீட்டுக்காரியின் சித்தப்பா பெண்ணுக்கு. சொந்தத்துக்குச் செய்கிறோம் என்று நீ இரண்டு நாளாக ஒயர் ஒயராகச் சோதித்தாய். காலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்ததும் சித்தப்பா மேடையேறி, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல மைக்கை வாங்கினார். இரண்டு வார்த்தை கேட்டது, நாலு வார்த்தை காணாமல் போனது. கரகரவென்றது, நின்றது, மறுபடி கரகரத்தது. ஜனம் சிரிக்க ஆரம்பித்தது. மண்டபத்து மேனேஜர் என்னிடம் வந்து "ஏனாய்து சுவாமி?", என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். நீ ஓடிப்போய் மைக்கை வாங்கி, சுவிட்சை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாய். உன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நீ குடியை விட்டு அப்போது பதினாலு மாசம். விட்ட பிறகும் அந்த நடுக்கம் உன்னை விடவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கையைப் பார்த்தவுடன் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன். கையில் மைக் வந்தால் வாய்க்கு நேராகப் பிடிப்பதுதான் நமக்குப் பழக்கம். அப்படிப் பிடித்தபடியே சொன்னேன்.

"காலையிலயே ஊத்திக்கிட்டு வந்து கீழ போட்டு உடைச்சிருக்க. குடிகார நாயே."

அதுவரை செத்துக் கிடந்த மைக்குக்கு அந்த நொடி உயிர் வந்தது. நான் பிடுங்கிய வேகத்தில் உள்ளே எங்கோ தொட்டிருக்க வேண்டும். நான் சொன்னது முழுவதும் நாலு ஸ்பீக்கரிலும் போனது. பந்தியில் இருந்தவர்கள்கூட இலையிலிருந்து நிமிர்ந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நீ திருப்பித் திட்டவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஊதிக் காட்டட்டுமாண்ணா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு என் முன்னால் நின்றாய். குனிந்து மோந்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மைக்கை உன் பைக்குள் வீசி, இனி என் பக்கம் வராதே என்றேன். ரிசீவர் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒன்றில்லாமல் மற்றொன்று எதற்கும் ஆகாது. இருந்தும் இருவரும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறோம்.

ஒரு மாதத்துக்குள் நீ மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று சேதி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். ஆமாம், அதுதான் உண்மை. 'பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னேனே' என்று, கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். நாலரை வருஷம் அப்படியே ஓடியது. ஈரல் போய் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். என் வாட்ச்சைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

துண்டிலிருந்து எடுத்த மைக்கைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கடையில் கொடுக்கவும் பிடிக்கவில்லை. எஸ்.பி. ரோடுக்குப் போய் ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் வாங்கினேன். போனில் வீடியோ வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். அடிப்பக்க மூடியைத் திருகினேன். செல் இல்லை, கழட்டி வைத்திருந்தாய். உடம்பின் நடுவில் நீல டேப் சுற்றியிருந்தது. அதன் முனை மடிந்திருந்தது. மண்டபத்தில் நான் வீசியபோது அதில் டேப் இல்லை. அப்படியானால் நீ இதைத் திறந்து பார்த்திருக்கிறாய்.

டேப் ஒரே இழுப்பில் வந்தது. நாலு திருகாணிகளையும் கழற்றி உள்ளே பார்த்தேன். சுவிட்சின் பள்ளத்தில் கெட்டியாகச் சிவப்பு. சந்தனத்தோடு இறுகிப்போன குங்குமம். அது கீழே வழிந்து, ஸ்பிரிங் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பச்சைக்கு நடுவிலும் சிவப்புத்தான். ஒரு விரிசல் இல்லை, அடிபட்ட தடம் இல்லை. யாரும் அதைக் கீழே போடவில்லை.

உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு சாயந்திரமே திறந்து பார்த்தாரு மாமா. எங்கிட்டயும் காட்டினாரு. துடைச்சிடுங்களேன்னேன். வேணாம், அண்ணன் ஒரு நாளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு வருவாரு, அப்ப திறந்து காட்டறேன்னாரு." பிறகு, "நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

தம்பி, நீயும் லேசுப்பட்டவன் இல்லை. பத்து நிமிஷ வேலை உனக்கு. துடைத்துவிட்டு, மைக்கைக் கொண்டுவந்து என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். நாலு பேரைக் கூட்டி வைத்துக் காட்டியிருக்கலாம். நான் செருப்படி பட்டிருப்பேன், நீ உயிரோடு இருந்திருப்பாய். என்னிடமிருந்து ஒரே ஒரு கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டு குடித்துச் செத்தாயே, உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கேட்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியாதா?

பழைய டூத்பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிங்கின் தகட்டை அழிரப்பரால் உரசிப் பளபளப்பாக்கினேன். அரித்துப்போன ஒயரைப் பற்றவைக்க மூன்று தடவை ஆயிற்று. ஆட்காட்டி விரலில் பெரிய கொப்புளம். துடைத்த பஞ்சில் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. ரிசீவரை லாஃப்ட்டிலிருந்து இறக்கி, புதுச் செல் போட்டு சுவிட்சைத் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஹலோ என்றேன். ஒரு துளிக் கரகரப்பு இல்லை.

பூஜையன்று நம் தெரு முனை ஆட்டோ ஸ்டாண்டில் எப்போதும்போல நம் செட்தான். அந்தச் சித்தப்பா இப்போது பின்தெருவில் இருக்கிறார், குடும்பத்தோடு வருவார் என்று தெரியும். அன்று மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். மைக்கில் கேட்டதை மைக்கிலேயே மாற்றிச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். 'அன்னைக்கு என் தம்பி குடிக்கல. மைக்கைக் கெடுத்தது நான்.' இரண்டே வரி. குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தார்கள். மைக்குக்கும் வைக்க வந்த டிரைவரை விரட்டினேன். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கொடுக்கிறோம், வரிசையில் வாருங்கள் என்று மைக்கில் அறிவித்தேன். அடுத்து சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். அப்போது சித்தப்பா என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். மைக் நன்றாகக் கேட்கிறதே என்று பாராட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன் தம்பி இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான். பாவம், குடிச்சே போயிட்டானே" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

மைக் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. அவர் சொன்னது கேட்டதோ என்னவோ, என் 'ஆமாங்க' மட்டும் தெரு முழுக்க, தெள்ளத் தெளிவாகப் போனது. வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அடுத்த அறிவிப்பைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செல்லைக் கழட்டினேன். டேப் சுற்றி முனையை மடித்து ஒட்டினேன். மைக்கும் ரிசீவரும் இப்போது ஒரே பெட்டியில் இருக்கின்றன. சந்தாபுராவுக்குப் போய் அவளிடமாவது அந்த இரண்டு வரியைச் சொல்லலாம். போவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று நீ குடித்திருக்கவில்லை. இதை எழுத மட்டும் முடிகிறது. நீ இன்னும் அந்த மண்டபத்தில் வாயைத் திறந்துகொண்டு என் முன்னால் நிற்கிறாய். நான் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.