ஒலிவ மரத்துக்கு வைத்த தண்ணீர்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
ஐப்பசி, ஞாயிறு பூசைக்குப் பிறகு

என் அருமை மருமகள் எம்மாவுக்கு,

மாதாவின் துணையோடு நீ ஸ்பெயினில் சுகமாக இருப்பாய் என்று நம்பி மாமா எழுதுவது. போனில் கதைத்தால் பக்கத்து அறையில் மாமிக்கு எல்லாம் கேட்கும். அதுதான் கடிதம். உனக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கியது நான்தான் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மாமி தான்தான் என்பா. ஆர் பழக்கியிருந்தாலும் கடைசிவரை வாசி.

நீ வேலை செய்யும் ஒலிவத் தோட்டத்திலிருந்து வரிசைக்கு ஒன்றாக அனுப்பிய இரண்டு எண்ணெய்ப் போத்தலும் உடையாமல் வந்தன. குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் சற்குணத்தாருக்கும் இன்னும் நாலு பேருக்கும் விளக்கம் கொடுத்தேன். தாராளமாகத் தண்ணீர் விட்ட வரிசையில் காய் அதிகம், பருமனும் அதிகம், ஆனால் எண்ணெய் சப்பென்று இருக்கும். கோடையில் கொட்டை இறுகும் நேரம் தண்ணீரைக் குறைத்த வரிசையில் காய் கொஞ்சம் சிறிது, எண்ணெயில் கசப்பும் காரமும் ஏறும், கன நாள் கெடாமலும் இருக்கும். ஒரேயடியாகக் காயவிட்டால் மரம் ஒரு வருஷம் காய்த்து அடுத்த வருஷம் வெறுமனே நிற்கும். இவ்வளவும் நீ எழுதியது. கடையில் நான் கண்டுபிடித்த மாதிரித்தான் சொன்னேன். மலைக்கு அந்தப் பக்கம் வரை சொட்டுநீர்க் குழாய்கள் எல்லாம் நீ சொன்னால்தான் திறக்கும் என்றும் சேர்த்துவிட்டேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்துபோன சற்குணத்தார், “அது சரி அண்ணை, உங்கடை வீட்டு ஒலிவமரம் ஏன் மஞ்சளாய் நிக்குது?” என்று கேட்டார். அந்த ஆளுக்கு எப்போதும் என்மேல் ஒரு எரிச்சல்.

மஞ்சள்தான் பிள்ளை. நீ சாடியோடு விட்டுப்போன மரத்தை மாமி பார்த்த காலத்தில் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊற்றுவா. என்ன செழிப்பு! அதைப் பார்க்கத் திராமன் நகரத்திலிருந்து சனம் வந்துபோனது என்று சொல்லுவேன். வந்தது உன் அம்மா மட்டும்தான். மாமி கதிரையோடு ஒதுங்கிய பிறகு மரம் என் பொறுப்பு. காலையிலும் ஊற்றினேன், பின்னேரமும் ஊற்றினேன். இந்த வீட்டில் நான் தண்ணீர் கொடுக்கக்கூடிய சீவன் அது ஒன்றுதானே.

மாமியின் நிலைமை உனக்குத் தெரியும். கிட்னி இரண்டும் கைவிட்டு, ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். சலம் போகாததால் குடிக்கிறதெல்லாம் உடம்பிலேயே நின்று நெஞ்சுக்கு ஏறும். தேத்தண்ணி, சூப், தோடம்பழம், எல்லாம் அளவு. நாள் முழுக்க ஒரு சின்னப் போத்தல் தண்ணீர். இந்த வருத்தத்தைப் பற்றி நான் டொக்டருக்கே நொர்வேஜியத்தில் விளக்கம் சொன்னேன். மனுசன் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நான் மரத்துக்கு ஊற்றுவதை மாமி பார்த்துக்கொண்டே இருப்பா. ஒருநாள் சொன்னா: “இஞ்சேருங்கோ, அது கேக்கேல்லை, ஊத்துறியள். நான் கேக்கிறன், ஊத்துறியளில்லை.” பகிடிக்குத்தான். நானும் சிரித்தேன். நாக்கு ஒட்டியிருந்ததால் அவவால் சரியாகச் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் நெடுந்தீவு ஆட்கள், எம்மா. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சனம். வாசலில் வந்து தண்ணீர் கேட்டால், பகையாளி என்றாலும் செம்பை நீட்டிவிட்டுத்தான் மற்றக் கதை. கேட்ட வாய்க்கு இல்லையென்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

போன கிழமை மாமி மூச்சுக்குத் தவித்து, அம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் தண்ணீர். எவ்வளவு குடித்தா, ஆர் கொடுத்தது என்று நேர்ஸ் பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. என்னைத் தெரிந்த ஒருவரும் இதை நம்பமாட்டார்கள். மாமிதான் ஒக்சிசன் முகமூடியை விலக்கி, தானே எழும்பிப்போய் ஒலிவ மரத்துக்கு நிரப்பி வைத்த பூவாளியிலிருந்து குடித்ததாகச் சொன்னா. ஒரு பிழையில்லாத நொர்வேஜியம். நேர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

மாமியால் கதிரையை விட்டுத் தனிய எழும்ப முடியாது. நீ படித்த பிள்ளை, மிச்சம் உனக்கு விளங்கும்.

இன்னொரு தரம் இப்படி வந்தால் இருதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டா. உன் கசப்பு எண்ணெயில் பாணைத் தொட்டுச் சாப்பிட்டா. தொண்டையில் பிடித்து இருமினா, எங்கேயிருந்து வந்ததோ, கண்ணிலும் தண்ணீர். “இது எண்ணெய். மற்றப் போத்தல் சப்பு, அது வருத்தக்காரருக்கு” என்றா. அவவே அப்படிச் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பு.

நேற்றும் தண்ணீர் கேட்டா. அன்றைய போத்தல் முடிந்துபோயிருந்தது. குசினிக்குள் போய்க் குழாய்க்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து, வெஸ்ட்லி முழுக்கத் தண்ணீர் வெட்டு, ரோட்டில் கிண்டுகிறார்கள் என்றேன். வாழ்க்கையில் நான் எவ்வளவோ கதை விட்டிருக்கிறேன், இவ்வளவு மோசமாக ஒன்றும் விட்டதில்லை. வெளியில் அடித்து மழை பெய்து யன்னலில் ஓடுகிறது. மாமி என்னைப் பார்த்தா, மழையைப் பார்த்தா, “அப்ப நாளைக்கு வரும்தானே” என்றா. நான் போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

பூக்கும்போதும் காயில் எண்ணெய் ஏறும்போதும் தண்ணீர் விட்டே ஆகவேண்டும், நடுவில் குறைக்கலாம் என்று எழுதியிருந்தாய். எந்த நேரம் எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. மரத்துக்கு எப்போது என்றும் தெரியவில்லை, மாமிக்கு எப்போது என்றும் தெரியவில்லை. அறுவடை முடிந்த கையோடு வா. மரத்தைப் பார்க்க எம்மா வருகிறாள் என்று மாமிக்குச் சொல்லிவிட்டேன், என்னைப் பொய்யனாக்காதே. நீ வந்து உன் கையால் அளந்து கொடு. நீ போதும் என்றால் மாமி கேட்பா. நான் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பா, அதோடு நான் முடிந்தேன்.

உன் மரங்களுக்கு வேண்டிய வேளையில் வேண்டிய அளவு மழையை ஆண்டவர் கொடுக்கட்டும். எந்தக் காலத்திலும் ஒரு மிடறு தண்ணீருக்கு நீ ஒருவரையும் கெஞ்சாதிருக்க மன்றாடும்

உன் மாமா
எட்வேட்