கல்லுக்குக் கச்சேரி வைத்தவருக்கு

என் அருமை பாவா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நாற்பத்தோரு நாளாகிறது. மலையடிவாரத்துக் காப்பிக் கடைக்காரர் மறுபடி மீசை வைத்திருக்கிறார், பார்த்தால் சிரிப்பீர்கள். நான் இளைத்துவிட்டதாக அக்கா சொல்கிறாள். சட்டைப் பொத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் வாரா வாரம் எழுதும் இதே பத்திரிகையில்தானே உங்களைக் கிண்டல் செய்தேன்? "என் அக்கா புருஷன் சென்னை ஆய்வுக்கூடத்தில் கல்லுக்குக் கச்சேரி வைக்கிறார்" என்று. வாசகர்கள் சிரித்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நம்மோடு மலையேறிய சொந்தக்காரர்கள் படிக்குப் படி உங்களை நிறுத்தி, "இன்னா மாப்ள, கல்லு தலையாட்டுச்சா?" என்றார்கள். பதினோரு வருட உழைப்பு அது. கடைசிப் படி வரை நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கடைசிவரை, எட்டு மாதம், நமக்குள் நேர்ப்பேச்சே இல்லை. நோயில் படுக்கும்வரை சனிக்கிழமைதோறும் சென்னை ரயிலில் வந்திறங்குவீர்கள். ஒரே கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பிக்கு மோர் ஊத்து" என்பீர்கள். "போதும்னு பாவாகிட்ட சொல்லுக்கா" என்பேன்.

"நடுவுல நான் இன்னா தந்திக் கம்பமா?" என்று அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துபோவாள்.

போன வாரம் உங்கள் ஆராய்ச்சி நோட்டைத் திறந்தேன். புரியாது என்று தெரிந்தேதான். நான் கல் என்று கேலி செய்த காந்தப் படிகத்தைக் கடுங்குளிரில் வைத்து, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்புகிறீர்கள். ஒலி படிகத்தை லேசாக நெளிக்கிறது. அந்த நெளிவில் எலக்ட்ரான்களின் காந்தம் அசைகிறது. அதுதான் அணுக்கருவின் குட்டிக் காந்தத்துக்குச் சேதி சொல்கிறது. நேரே சொன்னால் கரு அவ்வளவாகக் காது கொடுக்காதாம். பாவா, இது நம் வீட்டுக் கூடம்தானே?

ஒரு பக்கத்தில் வரைபடக் கோடு திடீரென்று பள்ளத்தில் விழுகிறது. ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறீர்கள்: "மறுபுறம் ஒலி குறைந்து வந்தால் தோல்வி அல்ல. கரு வாங்கிக்கொண்டிருக்கிறது."

அக்காவிடம் ஓடினேன். "படுக்கைல இருந்தப்ப என்னைப் பத்தி இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலடா. நீ எழுதறத வாரா வாரம் படிக்கச் சொல்லுவாரு. கண்ண மூடிகினு கேட்டுகினு இருப்பாரு. அவ்ளோதான்."

அந்த மௌனம் கோபமா, பாவா? இல்லை, வாங்கிக்கொண்டீர்களா? நடுவில் நிற்கும் அக்காவுக்கும் தெரியவில்லை.

உங்கள் படிகத்தைப் பற்றி இதே பக்கத்தில், ஒரு கிண்டலும் இல்லாமல், எழுதிக் காட்டுகிறேன். மன்னிப்பை இன்று அக்காவிடம் சொல்லி அனுப்பவில்லை, நேரே கேட்கிறேன். பதில் வராவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மோர் போதும் என்று கடைசிவரை நேரில் சொல்லாத
உங்கள் மைத்துனன்
திருத்தணி