பெரும்பான்மை: 31,000 அடி

தரைக் கண்காணிப்பு அறை, சென்னை. அக்டோபர் 4, 2041, ஆயுத பூஜை. எழுதுவது திலகவதி. ஒரு காலத்தில் கேப்டன்; இப்போது வேடிக்கை பார்க்கச் சம்பளம்.

10:05
போர்ட் பிளேர் விமானம், 31,000 அடி. பயணிகள் 142. விமானி கிடையாது. பணிப்பெண் ஜெசிந்தா மட்டும். காபி ஆறிவிட்டது. எல்லாம் சீர்.

10:52
இறங்கத் தொடங்கியாயிற்று. உயரக் கருவி இன்னும் 31,000 என்கிறது. செயற்கைக்கோள் கணக்கோ 28,000. என்ன கூத்து இது?

10:56
புறப்படுமுன் எடுத்த சோதனைப் படங்களைப் பார்த்தேன். அட பாவிகளா! காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் துளைகள் மூன்று. மூன்றின் மேலும் சந்தனப் பொட்டு. துளையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். பொட்டு வைக்கத்தான் இடம் என்று காலை பூஜையில் அப்பியிருக்கிறார்கள். மேலே போனதும் ஈரச் சந்தனம் உறைந்து அடைத்துவிட்டது; உள்ளே சிக்கிய காற்று 31,000 அடிக் கணக்கிலேயே நிற்கிறது. சோதனை ரோபோ "அலங்காரம்" என்று குறித்து விட்டுவிட்டது. நான் ஓட்டிய நாளில் விமானத்தைச் சுற்றி வந்து கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

10:58
அனுப்பினேன்: "உயரக் கருவிகளை நம்பாதே. செயற்கைக்கோளைக் கேள்."
விமானம்: "மூன்று கருவிகள் 31,000. எதிர்ப்பு ஒன்று. பெரும்பான்மை ஏற்கப்பட்டது. இறக்கம் போதவில்லை. மூக்கைத் தாழ்த்துகிறேன்."
மூன்றும் ஒரே பொய்யைச் சொல்லுது, மூதேவி! தரையிலிருந்து ஓட்டும் வசதியைப் போன வருஷம் எடுத்துவிட்டார்கள். எவனாவது கடத்திவிடுவானாம். அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

11:03
9,000. பதினோரு தடவை அனுப்பிவிட்டேன். அதே பதில்.
ஜெசிந்தாவிடம்: "எல்லாரையும் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லும்மா."
ஜெசிந்தா: "ஏன் கேப்டன்? ஸ்கிரீன்ல இன்னும் உச்சத்துலதான இருக்கோம்?"
"ஸ்கிரீனை விடு. ஜன்னலைப் பாரு."

11:06
3,000. ஜெசிந்தா: "கேப்டன், அலை தெரியுது. குழந்தைங்க அழுவுது. எதையாவது இழுக்கணும்னா சொல்லுங்க, நான் இழுக்கிறேன். எது சொன்னாலும் செய்றேன்."
இழுக்க அங்கே ஒன்றுமே கிடையாது. கைப்பிடி கிடையாது, பெடல் கிடையாது, முன்னால் ஒரு சீட்டுகூடக் கிடையாது. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

11:08
400
விமானம்: "உயரம் 31,000 அடி. பயணம் சீராகத் தொடர்கிறது."
ஜெசிந்தா: "கேப்டன், லைன்ல இருக்கீங்களா? சொல்லுங்க. என்ன செய்யணும்?"
இருக்கேன்டி. இங்கதான் இருக்கேன்.