பாஸ்வேர்டு கேட்ட பத்திரிகை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஈஜிபுரா சிக்னலில் பஸ் நகரவே இல்லை. ஹெப்பகோடி ஆபீசுக்கு லேட்.

பஸ்ஸில் ஒரு மெயில். "நிச்சயதார்த்த அழைப்பிதழ். குடும்பத்துடன் வருக." அக்கா மகள் ரம்யாவுக்கு நிச்சயம் என்று காதில் விழுந்ததிலிருந்து, அக்கா நமக்குச் சொல்வாளா மாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. இருப்பது இதோ பக்கத்தில், விவேக் நகரில். பேச்சு நின்று ஒரு வருஷம். அனுப்பியது யார் என்றுகூடப் பார்க்காமல் தொட்டேன். மெயில் ஐடி, பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். பத்திரிகை திறக்கவில்லை. நெட் சரியில்லை போல.

வெங்காயம், சோப்பு வாங்கணும்.

ஜூலை 8, செவ்வாய்

மெயில் திறக்க மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு தப்பாம்! அதற்குள் மேனேஜர் வந்து, "வனிதா, யாருக்கு நிச்சயம்? பத்திரிகை ஓபனே ஆகல" என்றார். என் பேரில் எல்லாருக்கும் அதே பத்திரிகை போயிருக்கிறது. என் சர்டிபிகேட், பையன் குழந்தையாக இருந்த படங்கள், எல்லாம் அதில்தான்.

கம்ப்யூட்டர் பார்க்கிற மஞ்சுநாத் வந்தான். "பேடா, வேண்டாம் மேடம், எதையும் தொடாதீங்க. பத்திரிகை எங்கயாவது பாஸ்வேர்டு கேக்குமா?" கேட்காதுதான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

எல்லாருக்கும் போன்: திறக்காதீர்கள், திறக்காதீர்கள்.

மீட்க வேண்டுமானால் கணக்கில் கொடுத்த நம்பருக்கு ஓடிபி வருமாம். "திருடன் இன்னும் நம்பரை மாத்தல. மாத்துறதுக்குள்ள பண்ணணும்" என்றான் மஞ்சுநாத். கணக்கு தொடங்கியபோது என்னிடம் போன் இல்லை. கொடுத்தது அக்கா நம்பர்.

வேறு வழியில்லை. மஞ்சுநாத் லேப்டாப்போடு பக்கத்தில் நின்று ஓடிபி அனுப்ப, மாடிப்படியிலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா, நான் வனி. உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லேன்."

"யாருங்க நீங்க?"

"வனிதான்க்கா! குரல் தெரியலையா?"

"குரலக்கூட இப்ப மிஷின்ல பண்றாங்களாம். யாருக்கும் சொல்லாதேன்னு இதுலயே போட்டுக்கீது. நீ வனின்னா ஒண்ணு சொல்லு. என் புது வீட்டு பால் காய்ச்சுக்கு ஏன் வரல?"

எனக்கும் பொங்கிவிட்டது. "நீ வந்து கூப்பிட்டியா? ஊருக்கெல்லாம் அனுப்புன மாதிரி எனக்கும் போன்ல ஒரு கார்டு. கூடப் பொறந்தவக்கா நான்!"

இந்தச் சண்டையில் ஓடிபி நேரம் முடிந்துபோனது. மஞ்சுநாத் தலையில் அடித்துக்கொண்டு இன்னொன்று அனுப்பினான். அக்கா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

திறந்துகொண்டது. அப்பாடா!

ஜூலை 9, புதன்

நன்றாகத் தூங்கினேன். மெயில், படம் எல்லாம் பத்திரம்.

மஞ்சுநாத் உட்கார்ந்து சரிசெய்தான். புது பாஸ்வேர்டு (பையன் பேர் இல்லை). கணக்கில் நுழைந்திருந்த தெரியாத போன் எல்லாம் வெளியே. எனக்கு வருகிற மெயிலெல்லாம் தனக்கும் போகிற மாதிரி அந்தப் படுபாவி வழி வைத்திருந்தான், அதையும் அடைத்தாயிற்று. இனி பாஸ்வேர்டு மட்டும் போதாது, என் போனிலும் சரி என்று சொல்லணும். சூடு கண்ட பூனை நான். யார் அனுப்பினாலும் முதலில் முகவரியைப் பார்ப்பேன்.

என் நம்பரைச் சேர்த்தான். "பழசை எடுத்திடலாமா மேடம்?" வேண்டாம் என்றேன். அக்கா நம்பர் இருக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

பதினொரு மணி இருக்கும், வாசலில் அக்காவும் மாமாவும். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் பத்திரிகை. "லிங்கு எதுவும் இல்லடி, தொட்டுப் பாரு" என்றாள் அக்கா.

நான் விடவில்லை. "நிஜமா நீதானா? அப்போ ஒண்ணு சொல்லு. என்னை எங்க உக்கார வைப்பே?"

"இன்னா கேள்வி? ரம்யா பக்கத்துல. சித்தி வராம எவ தட்டு மாத்துவா?"

கட்டிப்பிடித்து அழுதோம். அடுப்பில் காபிக்கு வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. இன்னும் துடைக்கவில்லை.