நிலாவில் குன்னூர் மூடுபனி

குன்னூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மச்சானுக்கு ஆஸியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் பிள்ளைகளும் நலம். மாமாவும் நலம் என்பதை இப்போதுதான் நிம்மதியாக எழுத முடிகிறது. போனில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால்தான் வர்க்கி பிஸ்கட் பார்சலோடு இந்தக் கடிதம்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது உங்கள் அத்தா வரைந்து எடுத்த ஒரே படம், நிலாவுக்குப் பஸ் போகிற அந்தக் கார்ட்டூன். அன்றைக்கு ஒரு வாரம்கூட ஓடவில்லை. இன்றைக்கு உங்கள் வயசுக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதைச் சுத்தம் செய்து ஃபோர்-கே டிஸ்க்காக்கும் வேலை சென்னையில் உங்கள் கைக்கே வந்ததில் அவருக்கு எத்தனை சந்தோஷம்! நீங்கள் அனுப்பிய முதல் காப்பி கோடு, கீறல் எதுவும் இல்லாமல் பளிச்சென்றுதான் இருந்தது. நிலாக் காட்சி வந்ததும் டீவியை நிறுத்தச் சொன்னார். “மிஸ்ட்டக் காணோமே! இது என்ர படமே இல்ல. என்ர பேர எடுத்துரச் சொல்லும்மா” என்றார். அப்புறம் சரியாகச் சாப்பிடவுமில்லை, உங்கள் போனை எடுக்கவுமில்லை. அவர் பேர் இல்லாமலே டிஸ்க் வெளியே போய்விடுமோ என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நிலாவில் ஏது மூடுபனி என்று என்னிடம் கேட்டீர்களே, நியாயமா? படச்சுருளில் பிடித்த பூஞ்சை என்று நினைத்து மெஷின் துடைத்துவிட்டதாம். மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை, அது குன்னூரில் ஒரு மழைக்காலம் இருந்ததில்லை. நீங்கள் இங்கே பிறந்தவர்தானே? ஜன்னலைத் திறந்து வைத்து, ஓவியத்தின் மேல் மூடிய கண்ணாடியில் மூடுபனி படியவிட்டு, ஒவ்வொரு படமாக எடுத்திருக்கிறார் மனுஷன்.

நல்லவேளை, துடைத்ததையெல்லாம் மறுபடி கொண்டுவந்துவிட்டீர்கள். நேற்று அந்தப் புதுக் காப்பியைப் போட்டோம். பஸ் நிலாவில் இறங்கியதும் எல்லாம் மெல்ல மங்கியது. மாமா எழுந்து டீவி பக்கத்தில் போய் நின்றார். வெயில் அடிக்கிற நாளில் மூடுபனிக்கு எங்கே போவது? அப்போதெல்லாம் மாமிதான் குனிந்து கண்ணாடியில் வாயாவி படிய ஊதுவாராம். “பாரும்மா, இது மிஸ்ட்டு. இது ஜெய்புன்னிசா” என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்கோ இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிகிறது, மச்சான்.

பிறகு அவராகவே சோறு கேட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. தன் பேர் இருக்கட்டுமாம், கூடவே மாமி பேரையும் போட வேண்டுமாம். மறந்தீர்களோ, நான் சும்மா விடமாட்டேன்.

பெருநாளுக்கு லீவு போட்டு வாருங்கள். அத்தா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பாருங்கள், எது எது என்று அவர் காட்டுவார். உங்களுக்கு நினைவு தெரியுமுன்னே போய்விட்ட அம்மாவின் மூச்சு அது. இனி யார் கையும் அதைத் துடைத்துவிடாமல் அல்லாஹ் காப்பானாக.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ஆஸியா